பழைய பாதையில் வந்த கப்பல்

கப்பலில் அவளுக்குப் பெயர் கேபின் அக்கா. அறுபது வயதுப் பெரியவர்கள்கூட, "கேபின் அக்கா, சீக்கிரம் ஒரு வாளி!" என்று குமட்டலில் முகம் வெளுத்துக் கூப்பிடுவார்கள். ஊரிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. உறையில் எழுதியிருந்த அவளுடைய சொந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "இது எந்த வீடு, உங்களுக்குத் தெரியுமா?" என்று தபால்காரர் அவளிடமே விசாரித்திருக்கிறார்.

கப்பலுக்கும் அதே கதைதான். முகப்பில் பித்தளை எழுத்துகளில் ஒரு கம்பீரமான பெயர் இருந்தது. துறைமுகத்தில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. மேலிருந்து தண்ணீர் தொடும் இடம்வரை வெள்ளை பெயிண்ட், இரண்டு மஞ்சள் புகைபோக்கிகள், கிளம்பும்போது இடுப்பை ஒடித்து நடப்பதுபோல் லேசான ஒரு சாய்வு. அதனால் அது வெள்ளச்சி. வாரம் ஒரு தடவை கிளம்பி, இரண்டு நாள் கடலில் போய், எதிர்க்கரை நகரத்தில் ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு திரும்பும்.

அவளுக்குக் கல்யாணம் ஆன வருடம்தான் வெள்ளச்சி புத்தம் புதுசாக வந்து சேர்ந்தது. கணவன் அதில் நிலக்கரி அள்ளிப் போடுகிறவன். ஐந்தாவது வருடம் பாய்லர் அறையில் ஒரு நீராவிக் குழாய் வெடித்தது. கை காலைத் தவிர எல்லாம் வெந்துபோய்க் கிடந்த மனிதனைப் பார்த்து அவள் அழக்கூட இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பெண்கள் பகுதிக்கு ஒரு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். புருஷனைத் தின்ற கப்பலில் எப்படிக் கால் வைப்பது என்று மூன்று நாள் யோசித்தாள். வீட்டில் பதின்மூன்று வயதில் தாய் தகப்பன் இல்லாத தம்பி ஒருவன் இருந்தான். நான்காவது நாள் போய்ச் சேர்ந்தாள்.

அப்புறம் பதினாலு வருடம். கீழ்த்தளத்தில் நாற்பது அறைகள். ஒவ்வொன்றிலும் மேலே இரண்டு, கீழே இரண்டு படுக்கை. அவள் அறைக்கு வெளியே சுவரில் ஒரு பலகை. எந்த அறையில் மணி அடித்தாலும் அந்த எண் மட்டும் டக்கென்று கீழே விழும். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் வாளி, தோளில் துண்டு. பயணிகளை அவள் பெயரால் அறிந்ததில்லை. பதினெட்டு மேல்படுக்கை, முப்பத்தொன்று கீழ்படுக்கை என்றுதான் மனதில் பதியும். "கடல் ஒரு ஆட்டம் ஆட்டினா போதும். முறுக்கின மீசையும் தொங்கிடும், போட்ட நகையும் கனத்துடும்" என்று தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் விளையாட முடியாது. கப்பல் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிறுத்தித் தக்கைச் சட்டை போடப் பழக்குவாள். தண்ணீரில் விழுந்தால் மிதக்கவைக்க, தக்கைத் துண்டுகளை வைத்துத் தைத்த கனமான சட்டை அது. ஒரு பணக்கார அம்மாள் அதைத் தலையணையாக வைத்துக்கொண்டு, "இது ரொம்ப வசதியா இருக்கு" என்றபோது, அவள் பிடுங்கி அந்த அம்மாளின் கழுத்திலேயே மாட்டி முடிச்சுப் போட்டாள். கேப்டனிடம் புகார் போனது. எப்போது பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டிருந்ததால் கொட்டாவிக் கேப்டன் என்று பேர் எடுத்தவர் அவர். ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, "அவ சொன்னா கேட்டுக்குங்கம்மா, நானே அவளுக்குப் பயந்துதான் போட்டுக்கறேன்" என்றார்.

தம்பி படித்து முடித்துத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினான். கப்பல்கள் எந்த வழியாக வரவேண்டும் என்று காட்ட, கடலில் இரும்பு மிதவைகள் கட்டிப் போட்டிருப்பார்கள். அவற்றைத் தூக்கிப் பழுது பார்த்துத் திரும்பப் போடும் படகில் அவன் வின்ச் என்ற பாரம் தூக்கும் எந்திரத்தை ஓட்டினான். வெள்ளச்சி துறைமுகத்துக்குள் நுழையும்போது அவன் படகு பக்கத்தில் இருந்தால், தொப்பியைக் கழற்றி ஆட்டுவான்.

போர் வந்தது. வெள்ளச்சியை ராணுவம் எடுத்துக்கொண்டது. நான்கே நாளில் முழுசாகச் சாம்பல் நிறம் அடித்தார்கள். உணவுக்கூடத்துப் பியானோவைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஒரு அறைக்கு நாலு பேர் என்றிருந்தது ஒன்பது பேர் ஆனது. பெண்கள் பகுதி தேவையில்லை என்று அவளைக் கரையில் கம்பெனியின் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். ஒன்றரை வருடம் சிப்பாய்கள் படுத்த விரிப்புகளை வெந்நீரில் போட்டுப் புரட்டினாள்.

தம்பியின் படகையும் விடவில்லை. அதன் பின்பக்கத்தில் தண்டவாளம் போல் ஏதோ பொருத்தினார்கள். அவனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு வேலையைப் பற்றி அவன் மூச்சு விடுவதில்லை. "என்னடா செய்றீங்க?" என்று அவள் கேட்டால், "மிதவைதான்க்கா" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொல்வான்.

பிறகு எதிர்க்கரை நகரத்தின்மேல் குண்டு விழ ஆரம்பித்தது. அங்கே இருக்கிற பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வர வெள்ளச்சிக்கு உத்தரவு வந்தது. பழைய கேபின் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் சலவைக்கூடத்து ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். முதல் இரண்டு பயணமும் நல்லபடி முடிந்தன. மூன்றாவது பயணத்தில் திரும்பும்போது ஐந்நூற்று முப்பது பேர். அதில் முந்நூறுக்கு மேல் குழந்தைகள். அவர்களுக்குப் பொருந்துகிற அளவில் ஒரு தக்கைச் சட்டைகூட இல்லை. பெரியவர்களுடையதை இரண்டாக மடித்துக் கயிற்றால் சுற்றிக் கட்டினாள். விரல் தோல் உரிந்துபோனது.

இரண்டு நாளும் அவள் கண்ணை மூடவில்லை. மூன்றாம் நாள் காலை ஒன்பதரை மணிக்குக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. துறைமுகச் சுவர், அதற்குப் பின்னால் சுங்கக் கிடங்கின் சிவப்புக் கூரை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. தளத்தில் நின்ற பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். குழந்தைகள் கயிறு அறுக்கிறது என்று சிணுங்கின. பதினெட்டாம் எண் அறையில் இரண்டு பெண் குழந்தைகளோடு வந்த ஒரு தாய், "அக்கா, பாவம் கழுத்தெல்லாம் சிவந்து போச்சு. இனிமே கழட்டிடலாமா?" என்று கேட்டாள்.

கேபின் அக்கா கரையைப் பார்த்தாள். "வந்தாச்சும்மா, கழட்டுங்க" என்றாள்.

ஒருத்தி கழற்றியதும் எல்லாரும் கழற்றினார்கள். சட்டைகள் தளத்தில் குவியலாகக் கிடந்தன. விட்டுப்போன சாமான் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க அவள் கீழே இறங்கினாள்.

அப்போதுதான் அது நடந்தது. சத்தத்தை அவள் கேட்டதாகவே ஞாபகமில்லை. காலுக்குக் கீழே இருந்த தரை எழும்பி அவள் தாடையில் மோதியது. விளக்குகள் போயின. எழுந்து நின்றபோது நடைபாதை முன்பக்கமாகச் சரிந்திருந்தது. மணிப் பலகையில் நாற்பது எண்களும் ஒரே நேரத்தில் கீழே விழுந்து கிடந்தன. என்ன ஏது என்று புரியவில்லை. வந்தாச்சு என்று சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையே என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள் சுற்றியது.

சாவிக்கொத்தால் கதவுகளைத் தட்டிக்கொண்டே ஓடினாள். "வெளிய வாங்க! மேல போங்க!" தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. இருபத்தேழாம் எண் கதவு சட்டத்தோடு நசுங்கிப் போயிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் விரல்கள் கதவில் காற்றுக்காக விட்டிருந்த பலகை இடுக்கு வழியாக வெளியே வந்தன. கேபின் அக்கா சாவி போட்டாள், தோளால் இடித்தாள், காலால் உதைத்தாள். கதவு அசையவில்லை. அந்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. உள்ளேயிருந்து குரல் மிக அமைதியாக வந்தது. "நீங்க போங்க. என் பையன் மேல இருக்கான். பச்சைச் சட்டை." பிடி தளர்ந்தது.

படி எப்படி ஏறினாள், தண்ணீருக்குள் எப்படி விழுந்தாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மரப் பெஞ்சு கையில் கிடைத்தது. அதைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது வெள்ளச்சியின் பின்பகுதி ஆகாயத்தில் நின்றது. தண்ணீரைத் தள்ளும் இரும்பு விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கப்பல் மூழ்க ஏழு நிமிடம் ஆனது என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். கலங்கரை விளக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்திருந்தார்.

பச்சைச் சட்டையை அவள் தேடினாள். தண்ணீரின் மேல் எஞ்சின் எண்ணெயும் நிலக்கரித் தூளும் பரவி எல்லாச் சட்டைகளும் கறுப்பாக இருந்தன.

கரையிலிருந்து சின்னத் துடுப்புப் படகுகள் வந்தன. அதில் ஒன்றிலிருந்து நீண்ட இரண்டு கைகள் அவளை இழுத்துப் போட்டன. தம்பி. எண்ணெய் பூசிய முகம் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "நான்தான்டா" என்ற குரலைக் கேட்டதும் அவன் துடுப்பை நழுவவிட்டான். பேயறைந்தவன் மாதிரி அவளைப் பார்த்து, "அங்கதான்க்கா... அங்கதான் போட்டோம்" என்றான். பயத்தில் உளறுகிறான் என்று நினைத்தாள்.

பிழைத்தவர்கள் நூற்று எண்பத்தெட்டுப் பேர். மற்றவர்களில் கிடைத்தவர்களைச் சுங்கக் கிடங்கில் வரிசையாகக் கிடத்தினார்கள். பயணிகள் பட்டியல் அதை வைத்திருந்த எழுத்தரோடு கடலுக்குள் போய்விட்டது. கேபின் ஆட்களில் உயிரோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அடையாளம் சொல்ல அவளையே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு கிளார்க் நோட்டோடு பின்னால் வந்தார்.

"பதினாலு, கீழ்படுக்கை" என்றாள். "முப்பத்தாறு, மேல்படுக்கை. அது பக்கத்துல அவளோட தங்கச்சி."

"பேரு சொல்லும்மா."

"பேரு தெரியாதுங்க. முப்பத்தாறு. வாந்தியே எடுக்காத பொண்ணு."

கிளார்க் பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசல் பக்கம் போய் நின்றார். அவள் வரிசையில் மேலே நடந்தாள். பதினெட்டாம் எண்ணின் இரண்டு குழந்தைகளும் ஒன்றையொன்று பிடித்தபடி கிடந்தன. இரண்டின் கழுத்திலும் கயிறு பதிந்த சிவப்புக் கோடு இன்னும் மறையவில்லை. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அறுபத்தொரு பேரை அடையாளம் சொல்லிவிட்டுத்தான் அன்று வீட்டுக்குப் போனாள்.

எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் வந்து அடித்துவிட்டது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஊரே கொதித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி வந்தான். அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவன் நிலைப்படியிலேயே நின்றான்.

"அக்கா, சப்மரீன் இல்ல."

"பின்ன?"

"நம்ம கண்ணிவெடி. நாங்க போட்டது. நான்தான் வின்ச் ஓட்டினேன்."

அவள் திரும்பவில்லை. கையில் இருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அவன் கொட்டித் தீர்த்தான். எதிரி நீர்மூழ்கிகள் பழைய பாதை வழியாக உள்ளே வந்துவிடக் கூடாது என்று அந்தப் பாதை முழுக்கக் கண்ணிவெடி போட உத்தரவு. வெள்ளச்சி மூன்றாவது பயணம் கிளம்பியதற்கு மறுநாள் போட்டார்கள். வருகிற கப்பல்களுக்குத் தெற்கே புதுப் பாதை. அதை எல்லாக் கப்பலுக்கும் சொல்லிவிடுவதாக மேலிடத்தில் சொன்னார்கள். அன்று காலை அவன் படகுத்துறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளச்சி பழைய பாதையில் வருவது தெரிந்தது.

"இப்பத் திரும்பும், இப்பத் திரும்பும்னு பாத்துட்டே இருந்தேன். கேப்டனுக்குத் தெரியாம இருக்குமாக்கா? கடைசி நேரத்துல திருப்புவார்னு நினைச்சேன். அப்பறம்தான் ஓடினேன். சிக்னல் கோபுரத்துக்கு ஏறி, கப்பல நிறுத்தச் சொல்லுங்க, கொடி காட்டுங்கன்னு கத்தினேன். எழுத்துல ஆர்டர் இருக்கான்னு அங்க இருந்த ஆள் கேட்டான். கொடியப் பிடுங்கினேன். ரெண்டு பேர் சேர்ந்து என்னப் படியில தள்ளினாங்க. விழுந்து எழுந்திருக்கறேன், அதுக்குள்ள சத்தம்."

"எவ்ளோ நேரம்டா?" என்றாள்.

"என்னது?"

"பாத்துட்டே இருந்தியே. எவ்ளோ நேரம்?"

அவன் சுவரைப் பார்த்தான். "பத்து நிமிஷம் இருக்கும்."

கேபின் அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையாக வளர்த்தவன். அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது, கை எழும்பவில்லை. "வந்தாச்சும்மா, கழட்டுங்க" என்ற தன் குரல் காதுக்குள் கேட்டது. "போடா. கொஞ்ச நாளைக்கு இங்க வராதே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் துறைமுகத்தின் ராணுவ அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தாள். அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "அது நீர்மூழ்கிதான். வேற மாதிரி யாராவது சொன்னாங்களா? சொன்னா, ரகசியத்த வெளிய விட்டதுக்கு அந்த ஆளச் சுவத்துல நிக்க வெச்சுச் சுடுவாங்க. யாரு சொன்னது, சொல்லுங்க."

"யாரும் சொல்லலைங்க" என்று எழுந்தாள்.

அப்படியே இரண்டு வருடம் போனது. செத்தவர்களின் சொந்தக்காரர்கள் தூரத்து ஊர்களிலிருந்து தேடி வந்தார்கள். "கடைசியா அவ என்ன சொன்னா? அந்த நீர்மூழ்கிய நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள். நீர்மூழ்கி என்ற இடம் வந்ததும், "நான் கீழ இருந்தேன். ஒண்ணும் பாக்கல" என்பாள். இருபத்தேழாம் எண் பெண்ணின் கணவர் வந்தபோது, விரல்கள் பிடித்த மணிக்கட்டை அவரிடம் காட்டினாள். பச்சைச் சட்டைப் பையன் பிழைத்திருந்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற அவனைப் பார்த்ததும் அவள் மடை திறந்த மாதிரி அழுதாள்.

தம்பியோடு பேச்சு நின்றுபோயிருந்தது. ஏழு மாதம் கழித்து ஒரு நாள் அவன் காய்ச்சலில் கிடப்பதாகப் பக்கத்து அறைக்காரர் வந்து சொன்னார். போனாள். அவன் எலும்பும் தோலுமாக இருந்தான். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, தக்கைச் சட்டை விஷயத்தை அவனிடம் சொன்னாள். அதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"உனக்கு எப்படிக்கா தெரியும்? கரை தெரிஞ்சுதே" என்றான் அவன்.

"உனக்கும்தான் எப்படித் தெரியும்" என்றாள். அடுத்த வாரம் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

வெள்ளச்சியின் கொடிமரம் இரண்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. போர் முடிந்ததும் கண்ணிவெடிகளை வாரி எடுத்தார்கள். மற்ற கப்பல்களுக்கு இடைஞ்சல் என்று முக்குளிப்பவர்கள் இறங்கிக் கொடிமரங்களை அறுத்தார்கள், புகைபோக்கிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவள் திரும்பவும் வேலைக்குப் போயிருந்த சலவைக்கூடம்வரை அந்தச் சத்தம் கேட்டது. அவள் கையில் இருந்த விரிப்போடு அப்படியே தரையில் குந்திவிட்டாள். மிச்சத்தை அடியிலேயே விட்டுவிட்டு, மேலே அடையாளத்துக்கு ஒரு பச்சை மிதவையைக் கட்டினார்கள்.

அதற்குள் உண்மை அங்கங்கே கசிந்து, விசாரணைக் கமிஷன் போட்டார்கள். நகராட்சி மண்டபத்தில் பதினோரு நாள் நடந்தது. "நான்தான் மொதல்ல சொல்லணும்" என்று தம்பி எழுந்து போனான். வின்ச்சிலிருந்து பத்து நிமிடம்வரை ஒன்றையும் மறைக்கவில்லை. சிக்னல் கோபுரத்து ஆள் பாதி சொல்லும்போதே விம்மினார். பாதை மாறிய தகவல் என்ன ஆனது என்ற கேள்வி கடைசியாக வந்தது. வயர்லெஸ்ஸில் சொன்னால் எதிரி ஒட்டுக்கேட்பான் என்று, துறைமுக வாசலில் கப்பலை எதிர்கொண்டு வழிகாட்டும் பைலட் படகிடம் தாளாகக் கொடுப்பதுதான் ஏற்பாடு. தாள் தட்டச்சாகி, கையெழுத்தாகி, ஒரு மேஜை இழுப்பறைக்குள் போயிருந்தது. அந்த மேஜைக்காரருக்கு அதற்கு முந்தின நாள்தான் வேறு இடத்துக்கு மாற்றல். புது ஆள் வரும்வரை இழுப்பறையை யாரும் திறக்கவில்லை. பைலட் படகையும் அன்று காலை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். இழுப்பறையா என்று யாரோ பின்வரிசையில் மெதுவாகக் கேட்டார்கள்.

கேபின் அக்காவின் முறை வந்தபோது, யாரும் கேட்காத தக்கைச் சட்டை விஷயத்தையும் சொன்னாள். வெளியே வந்ததும் பதினெட்டாம் எண் தாய் எதிரே நின்றாள். குழந்தைகள் போய்த் தான் மட்டும் மிஞ்சியவள். "ரெண்டு வருஷமா உங்களுக்குத் தெரியும், இல்ல? மாசாமாசம் உங்க வீட்டுக்கு வந்து அந்த நீர்மூழ்கிக்காரங்களச் சபிச்சுட்டுப் போனேனே. கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமாம்மா. என் தம்பியச் சுட்டுடுவாங்கன்னு பயந்தேன்."

அந்தத் தாய் அவளை வெகு நேரம் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள். அதன் பிறகு அவள் வரவேயில்லை.

ஒரு வருடம் கழித்துக் கமிஷன் அறிக்கை வந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் படித்தாள். கப்பலின் நீளம், எடை, கட்டிய வருடம், எத்தனை உயிர்காப்புப் படகுகள், எத்தனை பேர், எல்லாம் விவரமாக இருந்தன. காரணம் இருபத்தொன்பதாம் பக்கத்தில் ஒரே வரியில் இருந்தது: உரிய தகவல் உரிய நேரத்தில் சென்று சேரவில்லை.

திருப்பித் திருப்பிப் படித்தாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

"இதுக்கு அடுத்து ஏதாவது இருக்கா, பாரு. எனக்குத்தான் சரியாத் தெரியலையோ என்னமோ."

அவன் வாங்கிப் பக்கங்களைப் புரட்டினான். "இல்லக்கா. இவ்ளோதான்."

"இவ்ளோதானா?"

அவன் அறிக்கையை அவள் மடியில் திரும்ப வைத்தான். பச்சை மிதவையில் துரு சுரண்டுகிற வேலை அன்று அவன் படகுக்குத்தான் விழுந்திருந்தது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அவள் அதே நாற்காலியில், அதே பக்கத்தைத் திறந்துவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.